தடுப்பூசியும் பள்ளி வாயிலும்



உங்கள் இல்லத்தில் அறுபது வயதைக் கடந்த பெரியோர் இருப்பின், இன்று மாலை அவர்களுடைய இடக்கையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தோளுக்குச் சற்றுக் கீழே, காசு அளவில், வட்டமாய், கொஞ்சம் குழிந்த தழும்பு ஒன்றோ இரண்டோ தென்படும். அதனை 'அம்மை குத்தின வடு' என்பர். என் கையிலும் அத்தகைய வடுக்கள் இரண்டு உண்டு. 1960-களின் நடுவில் நான் முதல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மை குத்துகிறவர் ஒருநாள் தோற்பையுடன் எங்கள் பள்ளிக்கு வந்தார். அவரைக் கண்டதும் பின்சுவரைத் தாண்டி ஓடிய பிள்ளைகளுள் நானும் ஒருவன். எங்கள் ஆசிரியர் என்னைப் பிடித்து வந்து, தம் மடியில் அமர்த்திக்கொண்டு, "அழு, ஆனால் கையை மட்டும் அசைக்காதே" என்றார். முள் பொருந்திய சிறு கருவியைக் கையில் அழுத்தித் திருகினார் வந்தவர். நான் அழுதேன், கையை அசைக்கவில்லை.

உங்கள் கையில் அந்த வடு இல்லை. ஏனெனில் அந்த நோயே இன்று இல்லை. இந்திய மண்ணில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டில் முடிவுற்றது. உலகெங்கும் அது ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் அறிவித்தது. எங்கள் தலைமுறை தழும்பை ஏற்றுக்கொண்டதனால், உங்கள் தலைமுறை தழும்பின்றி வளர்ந்தது.

ஆனால் நோய்கள் பல. பெரியம்மை அவற்றுள் ஒன்றே. தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் ஆகியவை குழந்தைகளையே தேடி வருவன. குழந்தைகள் கூட்டமாய்க் கூடும் இடம் பள்ளிக்கூடம். ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. தடுப்பூசி போடாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்கலாமா? பெற்றோர் 'எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்று சொன்னால், பள்ளி அதற்கு விலக்கு அளிக்கலாமா? பெற்றோர்க்குத் தம் பிள்ளையின்மேல் உரிமை உண்டு. அருகில் அமரும் பிள்ளைக்கு நோயின்றி வாழும் உரிமையும் உண்டு. இவ்விரண்டும் பள்ளி வாயிலில் எதிரெதிரே வந்து நிற்கும்போது எதற்கு வழி விடுவது? பிற நாட்டார் இதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதை முதலில் சொல்லி, பிறகு என் பணிக்காலத்தில் என் அறைக்கே வந்த ஒரு கேள்வியையும் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் 1796-ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார். பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் தோன்றியிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து பாலை எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பின்னர்ப் பெரியம்மைப் பாலையே குத்தியபோதும் அச்சிறுவனுக்கு அந்நோய் வரவில்லை. இந்த முறை விரைந்து பரவி, 1802-ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் வந்து சேர்ந்தது. 1853-இல் இங்கிலாந்து அரசு ஒரு சட்டம் இயற்றியது. பிறந்த மூன்று திங்களுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மை குத்த வேண்டும். தவறினால் பெற்றோர்க்குத் தண்டம். 1867-இல் சட்டம் மேலும் கடுமையாயிற்று. ஒருமுறை தண்டம் செலுத்தியவரும் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டனர். செல்வர் தண்டத்தைக் கட்டிவிட்டுப் பேசாதிருந்தனர். ஏழையின் வீட்டிலோ தட்டுமுட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்தனர். பொருளும் இல்லாதவன் சிறைக்குச் சென்றான்.

மக்கள் சீறி எழுந்தனர். 1885-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லெஸ்டர் என்னும் நகரில் பல்லாயிரவர் கூடி ஊர்வலம் நடத்தினர். அவர்கள் அனைவரையும் அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் தவறு. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த பாலை அப்படியே மற்றொரு குழந்தைக்குக் குத்தும் வழக்கம் இருந்தது. அதனால் வேறு நோய்கள் தொற்றியதும் உண்டு. பெற்றோரின் அச்சத்தில் ஒரு பகுதி உண்மையான அச்சமே. அரசு ஓர் ஆணையத்தை 1889-இல் அமைத்தது. ஏழாண்டு ஆராய்ந்த பின் அவ்வாணையம் இரண்டு முடிவுகளைச் சொல்லிற்று. அம்மை குத்துதல் பயன் தருவது. ஆனால் நேர்மையான தயக்கமுடைய பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிப்பது தகாது.

இவற்றின் பயனாக 1898-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. கைக்குக் கை பால் மாற்றும் வழக்கத்தை அது தடுத்தது. மனச்சான்றுக்கு மாறானது என்று இரண்டு நீதிபதிகள் மனநிறைவு கொள்ளுமாறு எடுத்துரைக்கும் பெற்றோர்க்கு விலக்கும் அளித்தது. பிற்காலத்தில் போர்க்களம் செல்ல மறுத்தவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய 'மனச்சான்றின்படி மறுப்போர்' என்னும் தொடர், இந்த அம்மை குத்தும் வழக்கிலேதான் முதலில் பரவிற்று என்பது மாணவர்கள் அறியத்தக்க செய்தி. 1907-இல் நீதிபதிகளை இணங்கச் செய்ய வேண்டிய கடமையும் நீங்கியது. உறுதிமொழி ஒன்றை எழுதிக் கொடுத்தாலே போதும் என்றாயிற்று. 1948-இல் கட்டாயமே எடுபட்டது. இங்கிலாந்தின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் யாது? மருந்தில் உள்ள குறையை நீக்காமல் மக்களைத் தண்டித்தால், மருந்தின்மேலேயே வெறுப்பு வளரும். எதிர்த்தவர்களின் குரலைக் கேட்டதனால் மருந்து தூய்மையாயிற்று.

இங்கிலாந்தின் சட்டம் குழந்தையைத் தொட்டிலில் தேடியது. ஐக்கிய அமெரிக்க நாடுகளோ அதைப் பள்ளி வாயிலில் எதிர்பார்த்து நின்றன. 1827-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரம், அம்மை குத்திய சான்று காட்டும் பிள்ளைகளையே பொதுப் பள்ளிகளில் சேர்ப்பது என்று விதித்தது. 1855-இல் மசாசூசெட்ஸ் மாநிலம் முழுமைக்கும் அது சட்டமாயிற்று. வீடு வீடாகச் சென்று தேடுவதைவிட, எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும் ஓரிடத்தில் நிற்பது எளிது அன்றோ?

இந்த வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்றது. பெரியம்மை பரவியிருந்த காலத்தில் ஊசிக்கு மறுத்தமைக்காக ஐந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்ட ஹென்னிங் ஜேக்கப்சன் என்னும் போதகர் வழக்காடினார். 1905-இல் தீர்ப்பு வந்தது. தனி மனிதனின் உரிமை பெரிதே. ஆனால் பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில் அதற்கு எல்லை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொல்லிற்று. உடல்நிலை காரணமாக அம்மை குத்தினால் கேடு நேரும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. சட்டத்தை அவ்வாறு பொருள் கொள்ளலாகாது. பின்னர் 1922-இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் பள்ளியில் சேர்க்கப்படாத மாணவி ஒருத்தியின் வழக்கிலும், பள்ளிகள் சான்று கேட்பது முறையே என்று தீர்ப்பாயிற்று.

பெரியம்மைக்காக எழுந்த இந்த முறை, பிறகு தட்டம்மைக்குப் பயன்பட்டது. 'மணல்வாரி' என்று நம் பாட்டிமார் சொல்லும் நோய் அதுவே. 1963-இல் அதற்குத் தடுப்பூசி வந்தது. அதற்கு முன்னர் அமெரிக்காவில் ஆண்டுதோறும் முப்பது இலட்சம் பேருக்குக் குறையாமல் அந்நோய் கண்டது. நானூறு முதல் ஐந்நூறு பேர் இறந்தனர். ஊசி வந்த பின்னும் பல பெற்றோர் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டனர். 1976-இல் அலாஸ்கா மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, பள்ளிகள் சட்டத்தை உறுதியாக நடைமுறைப்படுத்தின. ஏறத்தாழ 89,000 மாணவர்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் சான்று இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு திங்கள் கழித்துப் பார்த்தபோது, வெளியே நின்றவர்கள் ஐம்பது பேர் அளவே. மற்றவர் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பியிருந்தனர். அப்பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் எதிர்ப்பாளர் அல்லர், காலம் தாழ்த்தியவர்களே. 1980-களின் தொடக்கத்தில் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில், தட்டம்மை தம் நாட்டில் நிலைகொண்டு பரவுவது நின்றது என்று அமெரிக்கர் அறிவித்தனர்.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். 'என் பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போடாவிட்டால் எனக்கென்ன?' இதற்கு ஓர் உவமை சொல்கிறேன். ஒரு தெருவில் இருபது வீடுகள் உள்ளன என்று கொள்வோம். அத்தனையும் கூரை வீடுகளாயின், ஒரு வீட்டில் பற்றிய தீ கோடைக் காற்றில் தெரு முழுவதையும் எரித்துவிடும். பத்தொன்பது வீடுகள் ஓட்டு வீடுகளாகி, ஒன்று மட்டும் கூரையாக இருந்தால், தீ அதனை அடைவதற்கு வழியில்லை. ஓட்டு வீடுகள் நடுவே நின்று அந்தக் கூரை வீட்டையும் காக்கின்றன. தட்டம்மை பொல்லாத தீ. நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னும் இரண்டு மணி நேரம்வரை அதன் கிருமி காற்றில் நிற்கும். காப்பில்லாதவர் பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். ஆதலால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருந்தால்தான் அது பரவாது என்று மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். இருபது வீட்டுக்குப் பத்தொன்பது என்று நான் சொன்னது அக்கணக்கையே.

கூரை வீட்டில் இருப்பவர் எல்லாரும் விரும்பி அங்கே இருப்பவர் அல்லர். ஊசி போடும் வயதை அடையாத கைக்குழந்தை இருக்கிறது. ஊசி போட்டும் காப்புப் பெறாதவர் சிலர் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து உண்ணும் குழந்தை உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி. நல்ல உடலில் அது தீங்கு செய்யாது. எதிர்ப்பாற்றல் அற்றுப்போன உடலில் செலுத்தலாகாது. அத்தகைய பிள்ளைக்குரிய விலக்கே மருத்துவ விலக்கு. அது இன்றியமையாதது, எவரும் அதனை மறுப்பதில்லை.

வழக்கெல்லாம் மற்ற இரண்டைப் பற்றியதே. ஒன்று, சமய நம்பிக்கையால் கேட்கும் விலக்கு. மற்றொன்று, சொந்தக் கருத்தால் கேட்கும் விலக்கு. மிசிசிப்பி மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1979-இல் சமய விலக்கைத் தள்ளிவிட்டது. விலக்குப் பெற்ற சிலரால் மற்றப் பிள்ளைகளுக்குரிய சமமான பாதுகாப்புக் குலைகிறது என்பது அதன் வாதம். 2023-இல் ஒரு கூட்டரசு நீதிமன்றம், சமய விலக்குக்கு வழிசெய்யுமாறு அதே மாநிலத்துக்கு ஆணையிட்டது. கற்றறிந்த நீதிபதிகளே இருபுறமும் நிற்கும் கேள்வி இது என்பதை நீங்கள் உணர வேண்டும்.

எனினும் ஓர் உண்மை அனுபவத்தால் தெளிவாயிற்று. சில மாநிலங்களில் ஒரு தாளில் கையொப்பமிட்டால் போதும், விலக்குக் கிடைத்துவிடும். மருத்துவரிடம் நாள் குறித்து, வேலையை விட்டு, பிள்ளையை அழைத்துச் செல்வதைவிடக் கையொப்பம் எளிது. அவ்விடங்களில் விலக்குப் பெற்றோர் மிகுந்தனர். கக்குவானும் தட்டம்மையும் அங்கே கூடுதலாகக் கண்டன. மனச்சான்றுக்கென்று திறந்த கதவு வழியே சோம்பலும் நுழைந்துவிட்டது.

2014-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கலிபோர்னியாவின் டிஸ்னி கேளிக்கைப் பூங்காவில் தொடங்கிய தட்டம்மை நூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அப்போது அம்மாநிலத்தில் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த சிறுவன் ஒருவனின் தந்தை, தடுப்பூசி போடாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி வையுங்கள் என்று கல்வி அதிகாரிகளிடம் கேட்டார். 2015-இல் கலிபோர்னியா சட்டம் செய்து, மருத்துவ விலக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கியது. மழலைப் பள்ளியில் சேர்வோருள் எல்லா ஊசிகளும் பெற்றவர் விரைவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தாண்டினர். ஆனால் மற்றொரு வாயில் திறந்தது. மருத்துவ விலக்குச் சீட்டுகள் பெருகின. அவற்றைச் சோதிக்க 2019-இல் மேலும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று.

2025-இல் டெக்சாஸ் மாநிலத்தில் நேர்ந்தது துயரமானது. அங்கே மனச்சான்றின் பேரால் விலக்குக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சனவரியில் தொடங்கி ஆகஸ்டுவரை 762 பேரைத் தட்டம்மை பற்றியது. பள்ளி செல்லும் பருவத்துக் குழந்தைகள் இருவர் இறந்தனர். இருவரும் தடுப்பூசி பெறாதவர்கள். அமெரிக்கா முழுவதிலும் 2024-25 கல்வியாண்டில் மழலைப் பள்ளியில் சேர்ந்தோருள் தட்டம்மைக்கான ஊசி பெற்றவர் நூற்றுக்கு 92.5 என்று கணக்கிட்டனர். தொண்ணூற்றைந்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி தாளில் சிறிதாய்த் தோன்றும்.

அந்தக் கலிபோர்னியச் சிறுவனைப் பற்றிய செய்தியை நான் 2015-இல் நாளிதழில் படித்தேன். படித்து மடித்து வைத்துவிட்டேன். இரண்டாண்டு கழித்து அதே கேள்வி என் மேசைக்கு வந்தது.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது திங்கள் முதல் பதினைந்து வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிகளிலேயே ஊசி போட ஏற்பாடு. நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருந்தது. வாட்ஸ்அப் வழியே ஒரு வதந்தி ஊரெங்கும் பரவிற்று. அந்த ஊசி போட்டால் பிள்ளைகள் பிற்காலத்தில் மகப்பேறு அடையமாட்டார்கள் என்றது ஒரு குரல். எங்கள் பள்ளியில் நாற்பத்தொரு பெற்றோர் 'எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்று எழுதி அனுப்பினர். நம் நாட்டில் இந்த இயக்கம் மக்களின் இசைவால் நடப்பது. பள்ளி வாயிலை அடைக்கும் கட்டாயம் அதில் இல்லை. ஆகவே நான் அந்த நாற்பத்தொரு பெயர்களுக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எழுதி, பதிவேட்டை மூடிவிட்டேன். அது பிழை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. விதிப்படி செய்ததாகவே நினைத்தேன்.

மறுநாள் காலை, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். அந்தப் பெண் இரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்று வந்தவள். பல திங்கள் கழித்து அப்போதுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். தலையில் துணி கட்டி வருவாள். தாய் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

"ஐயா, பாப்பாவுக்கு இந்த ஊசி போடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்."

"சரி அம்மா, அவளுக்கு விலக்கு உண்டு. கவலை வேண்டாம்" என்றேன்.

"அதற்காக வரவில்லை ஐயா. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்களா? எல்லாரும் போட்டுக்கொண்டால் இவளுக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்."

மூடிய பதிவேடு என் கைக்கு அருகிலேயே இருந்தது. நாற்பத்தொரு பெயர்களுள் ஏழு பெயர்கள் அவள் வகுப்பினுடையவை. முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. "பார்க்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை முதல், உடற்பயிற்சி ஆசிரியரையும், கிராமத்தில் எல்லாரும் 'நர்சம்மா' என்றழைக்கும் சுகாதாரச் செவிலியரையும் உடன் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றேன். நாங்கள் சட்டம் பேசவில்லை. சட்டம் எங்கள் கையில் இல்லை. தேநீர்க் கடை வைத்திருந்த ஒருவர் கைப்பேசியில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார். முழுவதும் பொறுமையாகக் கேட்டேன். கேட்டு முடித்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "உங்கள் பேரனுக்குப் போட்டீர்களா, ஐயா?" ஐந்து வயதான என் பேரனுக்கு இரண்டு நாள் முன்னரே போட்டாயிற்று என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் நாளைக்கு அனுப்புகிறேன்" என்றார். நான் கற்ற உளவியலைவிட, பயிற்சிக் கல்லூரியில் பெற்ற பட்டத்தைவிட, அந்தப் பேரனே அன்று எனக்கு உதவினான்.

ஒரு வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. அந்த அம்மையாரின் மூத்த குழந்தை பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஊசி போட்ட சில நாள்களில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தது. ஊசிக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருந்ததா இல்லையா என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. "மற்றவர் பிள்ளைக்கு நல்லது என்கிறீர்கள். எனக்கு இருப்பது இவன் ஒருவன்தான், ஐயா" என்றார். செவிலியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். இறுதியில் நாற்பத்தொருவருள் முப்பத்தெட்டுப் பேர் ஊசி போட்டுக்கொண்டனர். மூன்று பேர் போடவில்லை. அவர்களுள் அந்த அம்மையாரின் மகனும் ஒருவன். அவனை நான் பள்ளியை விட்டு அனுப்பவில்லை. ஆறாம் வகுப்பில் எழுவரும் போட்டுக்கொண்டனர். அந்தப் பெண்ணின் தாயை அழைத்து அதைச் சொன்னபோது, அவர் முதன்முறையாக என் அறையில் உட்கார்ந்தார்.

மாணவர்களே! இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நான் வந்த முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் இவற்றை ஏற்க வேண்டும் என்பதில்லை. எண்ணிப் பார்த்தால் போதும்.

பள்ளிகள் தடுப்பூசிச் சான்று கேட்பது முறை. அந்தக் கேள்வி கேட்கப்படுவதாலேயே, மறந்தவர் நினைவுகொள்வர், தள்ளிப்போட்டவர் விரைவர். உடல்நிலையால் ஊசி கூடாத பிள்ளைக்கு விலக்குக் கட்டாயம் வேண்டும். அதனை அளிப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். மற்ற விலக்குகளை ஒரு நாடு வைத்துக்கொள்ளுமாயின், அவற்றைப் பெறுவது ஊசி போட்டுக்கொள்வதைவிட எளிதாக இருத்தல் ஆகாது. மறுக்கும் பெற்றோர் முதலில் ஒரு மருத்துவரோடு அமர்ந்து பேசட்டும்; இரண்டு பக்கத்தையும் கேட்கட்டும். நோய் பரவும் காலத்தில் காப்பில்லாத பிள்ளை சில வாரங்கள் வீட்டில் இருக்கட்டும். அது அந்தப் பிள்ளைக்கும் நன்று.

ஆனால் வாயிலை நிரந்தரமாக அடைப்பதற்கு என் மனம் இசையவில்லை. பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிள்ளை தண்டனை பெறுகிறது. நம் ஊரில் ஏழைப் பிள்ளை பள்ளியை இழந்தால் பாடத்தை மட்டும் இழப்பதில்லை. மதிய உணவையும் இழக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயதுவரை கல்வி குழந்தையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு நல்ல காரியத்துக்காக மற்றொரு நல்ல காரியத்தைப் பலியிடுமுன் பலமுறை சிந்திக்க வேண்டும்.

மேலும் ஒன்று. மக்களிடம் 'பிறருக்காக இதைச் செய்யுங்கள்' என்று கேட்கும் அரசு, அவர்களிடம் உண்மையை மறைக்கலாகாது. தடுப்பூசியால் கை வலியும் காய்ச்சலும் வரலாம். பத்து இலட்சத்தில் ஒருவர்க்குக் கடும் ஒவ்வாமை நேரலாம். இதைச் சொல்ல அஞ்சக்கூடாது. தீங்கு நேர்ந்தால் ஈடு செய்யவும் வேண்டும். அமெரிக்கா 1986-இல் அதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. அதேபோல் பொய்யைப் பொய் என்று சொல்லவும் அஞ்சக்கூடாது. தட்டம்மை ஊசியால் மன இறுக்க நோய் வருகிறது என்று பேசவைத்த கட்டுரை ஒன்று 1998-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது அது. 2010-இல் அந்த மருத்துவ இதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு, அத்தகைய தொடர்பு இல்லை என்று காட்டிற்று. பன்னிரண்டு பெரிதா, ஆறரை இலட்சம் பெரிதா என்பதைக் கணிதம் படிக்கும் நீங்களே சொல்லுங்கள்.

இன்று நீங்கள் மாணவர்கள். நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் சட்டம் செய்யும் மன்றத்தில் அமர்வீர்கள், சிலர் என்னைப்போல் ஆசிரியராவீர்கள், பெரும்பாலோர் பெற்றோராவீர்கள். யாராவது ஒரு தாய் உங்கள் முன் நின்று, 'மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போட்டுக்கொண்டார்களா?' என்று கேட்கும் நாள் வரலாம். அன்று என்னைப்போல் விடையின்றி நில்லாதீர்கள். அதற்கு முதற்படியாக, இன்று வீட்டுக்குச் சென்றதும் அன்னையிடம் உங்கள் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விட்டுப்போன ஊசி ஏதேனும் உண்டா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பெண் மருத்துவத்தை முடித்து நலம் பெற்றாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது என்னைக் காண வருவாள். தன்னை அந்த ஆண்டு நோயின்றிக் காத்தவர்களுள் தன் வகுப்புத் தோழர் எழுவரும் உண்டு என்பதை அவள் அறியாள். அந்த எழுவரும் அறியார். அறிய வேண்டியதும் இல்லை.